மாநிறப் பெண்ணை அழ வைத்த விளம்பரம்

ஒரு வீடு. அப்பாவுக்கு வயதாகி விட்டது. பணக் கஷ்டம். மகள் வேலைக்குப் போகிறாள். ஆனால் அவள் கொண்டு வரும் சம்பளம் வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. தன்னைக் காப்பாற்ற ஒரு மகன் இல்லையே என்று அப்பா ஏங்குகிறார்.

மகள் நல்லவள். ஆனால் நிறம் கொஞ்சம் மட்டு.

அவள் ஒரு முகக் கிரீமை வாங்கிப் பூசுகிறாள். நிறம் மாறுகிறது. விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது. கை நிறையச் சம்பளம். அப்பாவின் முகத்தில் சிரிப்பு!

இது சினிமாக் கதை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடிய விளம்பரம். 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற கிரீமுக்காக எடுத்தது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்து விடும்.

அந்த ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விஷயங்கள் சொல்லப்பட்டு விட்டன, பாருங்கள்! மகனுக்கு உள்ள மதிப்பு மகளுக்கு இல்லை. மகளுக்கு நல்ல சம்பளம் வராததற்குக் காரணம் அவளுடைய தோல். அப்பாவின் கவலை தீர வேண்டுமானால் அந்தத் தோல் மாற வேண்டும்.

அந்தப் பெண் என்ன படித்தாள்? கணக்கு வருமா? நாலு பேரிடம் பேசத் தெரியுமா? அதைப் பற்றி விளம்பரத்தில் பேச்சே இல்லை.

விளம்பரத்தைப் பார்த்தவர்கள் யார்? வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பியுடன் உட்கார்ந்திருந்த பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பெண்ணும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். விளம்பரம் முடிந்ததும் யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பாட்டி மட்டும் அவள் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அது போதாதா?

முதலில் விற்றது நம் பக்கத்தில்

இந்தக் கிரீமைக் கொண்டு வந்தது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி. 1975-ம் ஆண்டில் முதல் முதலாகச் சோதனைக்கு விற்றுப் பார்த்தார்கள். எங்கே தெரியுமா? தென் இந்தியாவில். இங்கே நன்றாக விற்றது. 1978-ல் நாடு முழுவதும் கடைக்கு வந்து விட்டது.

அதற்கு முன் இந்த ஆசை இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1919-லேயே பம்பாயில் 'ஆப்கன் ஸ்நோ' என்ற முகப் பூச்சு வந்து விட்டது. பாட்டிமாரின் டிரங்குப் பெட்டியில் அந்தச் சின்னக் குப்பியைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் பழையது தான். பெற்றோரின் உடற்கூறு தான் பிள்ளையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது. பாலில் போட்ட பூ அல்ல. இருந்தாலும் குங்குமப்பூ வியாபாரம் குறையவில்லை.

ஆகவே இந்த ஆசையை விளம்பரக்காரர்கள் புதிதாக உண்டாக்கவில்லை. ஊரில் கிடந்த ஆசையை எடுத்தார்கள். அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். விலையும் வைத்தார்கள்.

அந்தப் பெயர் தான் 'சிவப்பழகு'. தமிழ் விளம்பரம் உண்டாக்கிய சொற்களில் இவ்வளவு தூரம் ஓடிய சொல் வேறு இருக்குமா என்பது சந்தேகம். வெள்ளைக்காரனைத் தான் தமிழன் வெள்ளை என்பான். தன் வீட்டுப் பெண்ணைச் சிவப்பு என்பான். அல்லது மாநிறம், புது நிறம், கறுப்பு என்பான். இவை பேச்சுக்குச் சொன்ன அடையாளங்கள். சிவப்போடு அழகைச் சேர்த்து ஒரே சொல்லாக ஒட்டியதும் கதை மாறி விட்டது. சிவப்பு இருக்கிற இடத்தில் தான் அழகு என்று ஆகி விட்டது. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று சொல்லி வந்த ஊர் இது!

பாரதக் கதையில் பாஞ்சாலிக்கு இன்னொரு பெயர் கிருஷ்ணை. கறுத்தவள் என்று அர்த்தம். ஐந்து பேர் மணந்த அந்தப் பேரழகி கறுப்பு. ஆனால் காலண்டர் படத்தில் அவள் எலுமிச்சம் பழ நிறத்தில் இருக்கிறாள். படம் வரைகிறவர்கள் கிரீம் வருவதற்கு முன்பே பூசி விட்டார்கள்!

அம்மா போடும் கணக்கு

1982-ல் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்தது. பிறகு ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. போட்டியும் வந்தது. 1998-ல் சென்னைக் கம்பெனியான கெவின்கேர், குங்குமப்பூ என்று சொல்லி 'ஃபேரெவர்' கிரீமை இறக்கியது. பாட்டியின் நம்பிக்கை டியூபுக்குள் புகுந்து விட்டது! பெரிய டியூப் வாங்க முடியாதவர்களுக்காகச் சின்னப் பொட்டலம் போட்டார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்ணும் வாங்கும் விலை.

கிரீமுடன் சில காலம் ஓர் அட்டையும் வந்தது. கறுப்பிலிருந்து சிவப்பு வரை வரிசையாகக் கட்டம் போட்ட அட்டை. பெண்கள் அதைக் கன்னத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார்கள். போன வாரம் எந்தக் கட்டம், இந்த வாரம் எந்தக் கட்டம் என்று அளப்பார்கள். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது போலத் தான். ஜுரமே இல்லாத பிள்ளைக்குத் தினம் தெர்மாமீட்டர் வைத்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தனக்கு ஏதோ வியாதி என்று தான் நினைக்கும்.

கிரீம் வாங்கிக் கொடுத்த தாய்மாரை இங்கே குறை சொல்வது சுலபம். ஆனால் அது சரியல்ல. அந்தத் தாய் ஏமாளி அல்ல. அவள் கணக்குப் போடுகிறாள். பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நிறம் குறைந்தால் பவுன் கூடும். பல வீடுகளில் இன்றும் இது தான் நடைமுறை. மாதா மாதம் சில ரூபாய் கிரீமுக்குப் போனால், பின்னால் பத்துப் பவுன் மிச்சமாகலாம் அல்லவா? விளம்பரம் எழுதியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அதனால் தான் விளம்பரக் கதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தது. முதலில் கறுத்த பெண்ணை ஒதுக்குவார்கள். அவள் வாடுவாள். தோழி ஒருத்தி டியூபைக் காட்டுவாள். பிறகு மாப்பிள்ளை வருவார். அல்லது வேலை வரும்.

நஷ்டம் யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு. நஷ்டம் டியூபின் விலை மட்டும் அல்ல. மஞ்சள் தாவணி தனக்கு எடுக்காது என்று அவளே ஒதுக்கி வைப்பாள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் பின் வரிசைக்குப் போவாள். வெயிலில் ஓடினால் கறுத்துப் போவாய் என்று வீட்டில் சொல்வார்கள். கபடியோ ஓட்டப் பந்தயமோ அத்துடன் நின்று விடும். யாரும் அவளைத் தடுத்ததாகச் சொல்ல முடியாது. அவள் தன்னைத் தானே தடுத்துக் கொண்டாள். பெண் பார்க்கும் கூட்டம் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் கூட்டத்தின் கண்ணை வாங்கித் தன் கண்ணில் வைத்துக் கொண்டாள்.

கறுப்பு நாயகன் உண்டு, நாயகி?

சினிமாவும் இதில் பங்காளி தான். தமிழ் ரசிகனுக்குக் கறுப்பு நாயகன் மேல் கொள்ளைப் பிரியம். ரஜினிகாந்தின் நிறம் அவருக்குக் குறைவாகவில்லை, பெருமையாகவே ஆயிற்று. விஜயகாந்தும் அப்படித் தான். கறுப்பு நாயகன் திரையில் வந்தால், அவன் நம்ம ஊர்ப் பிள்ளை. சரி, அவனுக்கு ஜோடி யார்? தமிழ் பேசத் தெரியாத வட நாட்டுப் பெண். குரலை இன்னொருத்தி கொடுப்பாள்.

ஆணுக்கு மண்ணின் நிறம் வீரம். பெண்ணுக்கு அதே நிறம் குறை. இது எந்த ஊர் நியாயம்?

விதிவிலக்குகள் உண்டு. சரிதா ஒருவர். 'தண்ணீர் தண்ணீர்' படத்தில் (1981) அவரது முகத்தைப் பார்த்தவர்கள் நிறத்தை நினைத்திருக்க மாட்டார்கள். 'அழகி' படத்தில் (2002) நந்திதா தாஸ். 'காக்கா முட்டை' படத்தில் (2015) ஐஸ்வர்யா ராஜேஷ். தன் நிறத்தைக் காரணம் காட்டி வாய்ப்புக் கொடுக்க மறுத்தவர்கள் உண்டு என்று ஐஸ்வர்யா ராஜேஷ் 2020-ல் ஒரு மேடையில் வெளிப்படையாகவே பேசினார்.

நந்திதா தாஸ் சொன்ன ஒரு விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. குடிசைப் பெண்ணாகவோ கிராமத்துப் பெண்ணாகவோ நடிக்கும் போது அவரது நிறத்தை எல்லோரும் பாராட்டுவார்களாம். படித்த, வசதியான வீட்டுப் பெண்ணாக நடிக்க வேண்டுமென்றால், கொஞ்சம் வெளுப்பாக்கிக் காட்டுகிறோம் என்று ஒப்பனைக்காரர்கள் வருவார்களாம்! கறுப்பு என்றால் ஏழை, சிவப்பு என்றால் படிப்பு, பணம், பதவி. திரையில் இதை ஒருவரும் வசனமாகப் பேசுவதில்லை. பவுடரே பேசி விடுகிறது.

சில நடிகைகள் மறுத்தும் இருக்கிறார்கள். முகக் கிரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க வந்த வாய்ப்பைச் சாய் பல்லவி வேண்டாம் என்று விட்டு விட்டார். 2019-ல் இதைப் பற்றிக் கேட்ட போது, இது இந்திய நிறம், இதில் என்ன தவறு என்ற பொருளில் பதில் சொன்னார்.

மாதர் சங்கம் கேட்ட கேள்வி

மகன் இல்லையே என்று ஏங்கிய அப்பாவின் விளம்பரத்தை எல்லோரும் வாய் பொத்திப் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 2002-ல் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் களத்தில் இறங்கியது. முதலில் கம்பெனியிடம் கேட்டது. பிறகு தேசிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டது. கறுப்பை இழிவு செய்கிறது, ஆண் பிள்ளை ஆசையை வளர்க்கிறது, வேலை பார்க்கும் பெண்களை அவமதிக்கிறது என்பவை சங்கத்தின் குற்றச்சாட்டுகள். ஆணையம் புகாரை மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்பியது. நிறத்தைக் கேலி செய்யும் விளம்பரத்துக்குத் தொலைக்காட்சியில் இடம் இல்லை என்று கேபிள் சட்ட விதிகளிலேயே இருக்கிறது. 2003-ல் இரண்டு விளம்பரங்கள் நின்றன.

கம்பெனி சும்மா இருக்குமா? அதே ஆண்டில், அதே கிரீமின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. பெண்கள் படிக்க உதவித் தொகை! உதவி பெற்றுப் படித்த பெண்களுக்கு அது நன்மை தான். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சான்றிதழிலும் அந்தப் பெயர் இருந்திருக்கும் அல்லவா?

2005-ல் இமாமி கம்பெனி ஆண்களுக்கும் ஒரு கிரீம் கொண்டு வந்தது. ஷாருக்கான் விளம்பரத்தில் வந்தார். கறுப்பு நாயகனைக் கொண்டாடிய ஊரிலும் அது விற்றது. ஒரு வகையில் சமத்துவம் வந்து விட்டது என்று தான் சொல்ல வேண்டும்!

சென்னையிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. 'விமன் ஆஃப் வொர்த்' என்ற பெண்கள் அமைப்பு 2009-ல் 'கறுப்பு அழகே' என்ற கருத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. 2013-ல் நந்திதா தாஸ் அதற்குத் துணை நின்றதும் நாடு முழுவதும் பேச்சாயிற்று. மறு ஆண்டு, 2014-ல், விளம்பரத் துறையினரே நடத்தும் தர அமைப்பு புதிய நெறிகளை வெளியிட்டது. கறுத்தவர்களை வாடிய முகத்துடன் காட்டக் கூடாது. நிறத்தால் வேலையும் கல்யாணமும் கிடைத்ததாகக் காட்டக் கூடாது. அப்படிக் காட்டித் தானே இத்தனை காலம் விற்றார்கள்?

பெயர் மாறியது

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பர் போலீஸ்காரரின் முழங்காலின் கீழ் உயிர் விட்டார். உலகமெங்கும் கொதிப்பு. நிறத்தை விற்ற கம்பெனிகளுக்கும் நெருக்கடி வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி தன் சிவப்பழகு கிரீம்களை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த சில நாட்களில் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் இறங்கி வந்தது. 45 ஆண்டுகளாக இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்து விட்டது. ஜூலையில் புதுப் பெயர் வந்தது: 'குளோ அண்ட் லவ்லி'. சிவப்பு போய்ப் பொலிவு வந்தது. இரண்டு முகம் காட்டும் படத்தையும் நிற அளவுக் குறிகளையும் அதற்கு முந்திய ஆண்டே உறையிலிருந்து எடுத்திருந்தார்கள்.

அதே ஜூன் மாதத்தில் ஷாதி டாட் காம் என்ற கல்யாணத் தளமும் ஒரு வசதியை நீக்கியது. தோல் நிறத்தைக் குறித்து வரன் தேடும் வசதி அது. அமெரிக்காவில் வாழும் இந்தியப் பெண் ஒருவர் தொடங்கிய கையெழுத்து இயக்கம் தான் காரணம். ஆனால் பத்திரிகைகளின் 'மணமகள் தேவை' பத்தியில் இன்றும் 'சிவந்த நிறம்' இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர்கள், எதையெல்லாமோ சுருக்குவார்கள். நிறத்தை மட்டும் முழுதாகப் போடுவார்கள்.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை. நோய் தீர்ப்பதாகப் பொய் விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ல் ஒரு சட்டம் வந்தது. எந்தெந்த நோய்களுக்கு விளம்பரம் கூடாது என்று அதில் ஒரு பட்டியல். 2020 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை நீட்டி மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. புதிதாகச் சேர்க்க நினைத்தவற்றில் தோலைச் சிவப்பாக்குவதும் ஒன்று. நோக்கம் நல்லது. ஆனால் மாநிறம் கடைசியில் நோய்களின் பட்டியல் வரை போய்ச் சேர்ந்து விட்டது!

பெயர் இல்லாத டப்பாக்கள்

இதுவரை சொன்னவை மனசுக்கு வந்த தீங்கு. உடம்புக்கு வரும் தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது.

தோலில் மெலனின் என்ற நிறமி இருக்கிறது. அதைச் செய்யும் அணுக்கள் கறுத்தவருக்கும் சிவந்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தான். செய்யும் நிறமியின் அளவும் வகையும் தான் வேறு. வெயிலின் கெடுதியிலிருந்து தோலைக் காக்கும் குடை அது. பெரிய கம்பெனிக் கிரீம்களில் உள்ள நியாசினமைடு என்ற வைட்டமின் பொருள், நிறமி மேல் தோலுக்கு ஏறுவதை ஓரளவு குறைக்கும். பூசுவதை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பி விடும்.

அவசரக்காரர்களுக்கு இது போதவில்லை. அவர்கள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் தோல் வியாதிக்காக உள்ளவை. டாக்டர் சொல்லும் நாள் வரை தான் பூச வேண்டும். பூசினால் ஆரம்பத்தில் முகம் வெளுக்கும். பார்த்தவர்கள், "என்னடி, கலராயிட்டே!" என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காக மாதக் கணக்கில் பூசுவார்கள். பிறகு தோல் காகிதம் போல மெலியும். பரு கொப்பளிக்கும். முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் தாங்க முடியாது, மறுபடி பூசுவார்கள். தோல் டாக்டர்கள் பல ஆண்டு முறையிட்ட பிறகு, 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டுக் கேட்காத கடைகள் உண்டு என்பதும் ஊர் அறிந்தது தான்.

இதைவிட மோசம், யார் செய்தது என்றே தெரியாத டப்பாக்கள். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அபூர்வமாக வரும் ஒரு வகைச் சிறுநீரக நோய் அடுத்தடுத்து வந்தது. கால் வீக்கம், சிறுநீரில் புரதம். விசாரித்த போது 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. கிரீமைச் சோதித்தார்கள். பாதரசம்! தோல் வழியாக உடம்புக்குள் இறங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது. பூசுவதை நிறுத்தியதும் பலருக்கு உடம்பு தேறியது.

டப்பாவின் மேல் செய்தவர் பெயரும், விலாசமும், உள்ளே உள்ள பொருள்களின் பட்டியலும் இல்லை என்றால் அதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே பூசுகிறவர்கள் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவுக்குப் போவது நல்லது. ஸ்டீராய்டு கிரீமைத் திடீரென்று விடாமல், டாக்டரிடம் கேட்டு விட வேண்டும்.

கைக்குள் வந்த கண்ணாடி

இப்போது விளம்பரத்தில் யாரும் கறுத்த பெண்ணை அழ வைப்பதில்லை. அந்த வேலையைக் கைபேசி எடுத்துக் கொண்டது.

பல கைபேசிகளில் படம் எடுக்கும் போதே முகத்தை மழுக்கி, வெளுப்பாக்கிக் காட்டும் ஏற்பாடு இருக்கிறது. யாரும் கேட்காமலே வேலை செய்யும். ஏழாம் வகுப்புப் பெண் தன் முகத்தைப் படம் எடுக்கிறாள். திரையில் வருவது அவள் முகம் தான். ஆனால் இரண்டு கட்டம் சிவப்பு. அந்த முகத்தையே தினம் பார்க்கிறாள். ஒரு நாள் மாமாவின் பழைய காமிராவில் எடுத்த படத்தைக் காட்டினால், "இது நான் இல்லை" என்கிறாள்.

அந்தக் காலத்து அட்டையைத் தூக்கி எறியலாம். டியூபை வாங்காமல் இருக்கலாம். கைபேசி உள்ளே வைத்திருக்கும் அட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. காமிரா அமைப்புக்குள் போனால் 'பியூட்டி' என்று ஒரு குறி இருக்கும். அதைச் சைபருக்கு இறக்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரியாத பெற்றோர், வீட்டில் உள்ள பெண்ணையே கேட்டால் காட்டுவாள்.